சான்றும் மானமும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கால் நூற்றாண்டுக் காலம் நம் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்துவரும் இக்கழகத்தின் விழாவிலே, 'கணினி யுகத்தில் அடையாளச் சான்று' என்னும் பொருள் பற்றி உரையாற்றுமாறு பணித்தீர்கள். இது பொறியியல் வல்லுநர்க்கு உரிய பொருள் அன்றோ என்று சிலர் ஐயுறலாம். சான்றிதழ் என்னும் தாளோடு நம் மக்களைப்போல் உறவு கொண்டவர்கள் நாட்டிலே வேறு எவரும் இலர். ஆகையால் இது நம் பொருளே என்று துணிந்து பேச வந்துள்ளேன்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த இப்பகுதி வானம் பார்த்த பூமி. குண்டாற்றிலே தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு; மணல் தெரியும் நாட்களே மிகுதி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். இல்லையேல் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பு. நிலமும் நீரும் கைகொடாத இந்த ஊர்களிலே, நம் வீட்டுப் பிள்ளைக்குத் தகப்பன் கொடுக்க முடிந்த சொத்து என்ன? தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்த சாதிச் சான்றிதழ் ஒன்றே அல்லவா! கல்லூரியில் இடம் கேட்டாலும், உதவித்தொகைக்கு எழுதினாலும், தேர்வாணையத்துக்கு விண்ணப்பித்தாலும் அந்தத் தாளே முன்னே செல்கிறது. 1944இல் தொடங்கிய பட்டியல் வகுப்பாருக்கான மேற்படிப்பு உதவித்தொகையும், தமிழ்நாட்டில் நமக்குரிய 18 விழுக்காடும், அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு வழங்கப்பெறும் 3 விழுக்காடும் அத்தாளின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன.

ஆனால் அதே தாளுக்கு மற்றொரு முகமும் உண்டு. நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும்போது, விடுதியில் உடன் தங்குவோர் பெட்டியை நோட்டமிடும்போது, அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை மேசையாக நகரும்போது, அந்த ஒற்றைச் சொல் கண்ணில் பட்ட கணமே எதிரே இருப்பவர் முகம் மாறுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஏறுவதற்கு ஏணியாக இருப்பதே, ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடும் சூட்டுக்குறியாகவும் ஆகிவிடுகிறது. ஏணி வேண்டும், சூட்டுக்குறி வேண்டாம். இவ்விரண்டையும் பிரிக்க வழி உண்டா என்பதே இன்றைய என் கேள்வி.

பதிவேட்டின் கதை

மனிதனை ஏட்டிலே பதிவது ஆட்சியின் பழைய வழக்கம். விரல் ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை வளர்ந்ததே நம் நாட்டு மண்ணில்தான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் கைத்தடத்தைப் பத்திரத்திலே பதியச் செய்தார். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைக் கூடமே அமைந்தது.

அக்கருவி பின்னர் எவர்மீது பாய்ந்தது என்பதைத் தென்பாண்டிச் சீமை நன்கறியும். 1871இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 'ரேகைச் சட்டம்' என்றே மக்கள் அதற்குப் பெயரிட்டனர். குற்றம் எதுவும் செய்யாதவனும், பிறந்த குலத்தின் பெயரால் பதிவேட்டில் ஏற்றப்பட்டான். ஊரை விட்டுச் செல்ல அனுமதிச் சீட்டுக் கேட்டு நின்றான். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் அப்பதிவை எதிர்த்து நின்ற மக்கள் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். அவர்கள் நம் சாதியார் அல்லர். எனினும் அவர்தம் துயரிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்று உண்டு. பிறப்பை எழுதி வைத்த பதிவேடு எவர் கையில் இருக்கிறதோ, அவர் கையில் அம்மக்களின் கழுத்தும் இருக்கிறது.

கடல் கடந்தும் இதுவே கதை. ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில், பெல்ஜிய ஆட்சியார் 1930களில் ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் அவரது இனத்தைக் குறித்தனர். அறுபது ஆண்டுகள் கழித்து, 1994இல் நடந்த இனப்படுகொலையின்போது, சாலைத் தடைகளில் நின்ற கொலையாளிகள் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தே உயிரைப் பறித்தனர். அட்டையை அச்சிட்டவர் அதை நினைத்து அச்சிட்டிருக்க மாட்டார். ஆயினும் எழுதிய எழுத்து, எழுதியவர் போன பின்னும் இருந்தது.

நம் பெயரையும் நெடுங்காலம் பிறரே எழுதினர். அதை மாற்றவும் நாம் போராட வேண்டியிருந்தது. எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு பழைய இழிபெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. 2021இல் நாடாளுமன்றம் ஏழு உட்பிரிவுகளைத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்னும் ஒரே பெயரில் இணைத்துச் சட்டம் இயற்றியது. பெயரை எழுதும் உரிமைக்காக ஒரு நூற்றாண்டு போராடிய நாம், அப்பெயரை எங்கே காட்டுவது, எங்கே காட்டாமல் இருப்பது என்னும் உரிமையையும் கேட்டாக வேண்டும்.

மறைத்தல் குற்றமா?

'உண்மையாளன் ஏன் மறைக்க வேண்டும்?' என்று கேட்பார் உளர். அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலிருந்தே விடை சொல்வேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிய அண்ணல், 1917இல் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். உயர்ந்த படிப்பு இருந்தது; அரசுப் பதவி இருந்தது; தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியின் காப்பாளர் இசைவோடு, பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. இதைத் தம் கையாலேயே அண்ணல் எழுதி வைத்துள்ளார்.

அறை கொடுப்பவன் நியாயமாக அறிய வேண்டுவது என்ன? வருபவர் வாடகை தருவாரா, ஒழுங்காக இருப்பாரா என்ற இரண்டே. அவ்விரண்டுக்கும் சான்று கேட்காமல், தேவையற்ற மூன்றாவதைக் கேட்டது அந்தச் சமூகம். பழி, மறைத்தவர் மேலா, கேட்கத் தகாததைக் கேட்டவர் மேலா?

பள்ளிக்கூடத்திலும் இதே நிலைதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், நீதியரசர் கே. சந்துரு அவர்கள் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு இருத்தல் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. தலைமை ஆசிரியன் என்னும் முறையில் ஒன்று சொல்வேன். 'ஆதிதிராவிடர் உதவித்தொகைக்கு உரியவர்கள் எழுந்து நில்லுங்கள்' என்று வகுப்பிலே ஒலிக்கும் அறிவிப்பு, பணத்தைக் கொடுக்கு முன்னே பிள்ளையின் மானத்தை வாங்கிவிடுகிறது. உதவித்தொகை கிடைக்க வேண்டும். எழுந்து நிற்க வேண்டியதில்லை. இதைத்தான் கணினியாரிடமும் நாம் கேட்கிறோம்.

ஆதாரும் அந்தரங்கமும்

2010 செப்டம்பர் 29இல் மகாராட்டிரத்தின் தெம்பிலி என்னும் பழங்குடிச் சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பெற்றது. 2016ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டம், சேகரிக்கும் விவரங்களில் சாதி, மதம், இனம், வருமானம் முதலியன இடம்பெறலாகா என்று தெளிவாகவே விலக்கியது. போற்றத்தக்க விதி. ஆனால் சாதியை எழுதாமலே சாதியைக் காட்டும் வித்தை நம் சமூகத்துக்குத் தெரியுமே! அட்டையிலே முகவரி இருக்கிறதல்லவா? ஊர்ப் பெயரோடு 'காலனி' என்று இரண்டெழுத்துக்கும் மேலாக ஒரு சொல் சேர்ந்துவிட்டால், படிப்பவர் மீதியைத் தாமே படித்துக் கொள்வார். ஆகையால்தான் அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26இல் ஐவர் அமர்வு, நால்வர் பெரும்பான்மையால் ஆதாரை ஏற்றது; எனினும் பள்ளிச் சேர்க்கைக்கு அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும், தனியார் நிறுவனங்கள் தம் விருப்பம்போல் கேட்க இயலாது என்றும் வரம்பு கட்டியது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் அதற்கான விதிகளும் வந்தன. சட்டம் வாசலைத் திறந்திருக்கிறது. உள்ளே நடக்கத் தொழில்நுட்பம் வழி தருகிறதா என்பதை இனிக் காண்போம்.

தேவையானதை மட்டும் மெய்ப்பித்தல்

வட்டாட்சியர் தரும் சான்றிதழ் இப்போது கணினி வழி கையொப்பம் பெற்று வருகிறது. அக்கையொப்பம் எங்ஙனம் செயல்படுகிறது? அலுவலகத்திடம் இரண்டு திறவுகோல்கள் உள்ளன. ஒன்று இரகசியமானது, அதைக் கொண்டே முத்திரை இட முடியும். மற்றொன்று உலகறியத் தரப்படுவது. அதைக் கொண்டு முத்திரை மெய்யா பொய்யா என எவரும் சோதிக்கலாம். ஆனால் புதிய முத்திரை இட இயலாது. 1970களின் பிற்பகுதியில் உருவான கணித முறை இது. தாளிலே ஓர் எழுத்தை மாற்றினாலும் சோதனையில் பிடிபட்டுவிடும்.

ஆனால் முழுத் தாளுக்கும் ஒரே முத்திரை இருப்பதால், முழுத் தாளையும் காட்டினால்தான் சோதிக்க முடிகிறது. இதற்கு மாற்று உண்டு. பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், முகவரி, வகுப்பு, உட்பிரிவு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி உறையிலிட்டு, உறைகளின் மேல் முத்திரை பதித்து, அவ்வளவையும் உரியவன் கையிலேயே கொடுத்துவிடுவதாக எண்ணிக் கொள்ளுங்கள். எந்த உறையைப் பிரிப்பது என்பது அவன் விருப்பம். 'பட்டியல் வகுப்பினரா?' என்று கேட்கும் கல்லூரிக்கு அந்த ஓர் உறையைப் பிரித்துக் காட்டினால் போதும். உட்பிரிவும் முகவரியும் மூடியே இருக்கும். அருந்ததியர் உள்ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிப்பவர் மட்டும் உட்பிரிவு உறையையும் பிரிப்பார்.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. உறையைப் பிரிக்காமலே, உள்ளே இருப்பது சரி என்று மெய்ப்பிக்கும் கணிதம் அது. இஃது எப்படி இயலும் என்று வியப்பீர்கள். அருப்புக்கோட்டை நெசவாளர்களின் நூல் கழிகளைக் கொண்டே விளக்குவேன். சிவப்புக் கழி ஒன்று, பச்சைக் கழி ஒன்று. நிறம் பிரித்தறியாத நண்பர் ஒருவர், 'இரண்டும் ஒன்றே' என்கிறார். அவரிடம் இரண்டையும் கொடுத்து, முதுகுக்குப் பின்னே கொண்டுபோய், விரும்பினால் கை மாற்றி, விரும்பாவிடில் மாற்றாமல், மீண்டும் காட்டச் சொல்லுங்கள். மாற்றினாரா இல்லையா என்பதை ஒவ்வொரு முறையும் நீங்கள் சரியாகச் சொல்வீர்கள். ஒருமுறை என்றால் குருட்டாம்போக்காகவும் சொல்லிவிடலாம். இருபது முறையும் குருட்டாம்போக்கில் சரியாக அமைய, பத்து இலட்சத்தில் ஒன்று என்ற அளவிலும் குறைவாகவே வாய்ப்பு உண்டு. கழிகள் வேறு வேறு என்று நண்பர் உறுதியாக நம்பிவிடுகிறார். ஆயினும் எது சிவப்பு, எது பச்சை என்பது அவருக்கு இன்னும் தெரியாது! மெய்ப்பித்தாயிற்று, வெளியிடவில்லை.

இந்த அரிய கருத்தை ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிகாலி, சார்லஸ் ராக்கோஃப் என்னும் மூன்று அறிஞர்கள் 1985இல் நிலைநாட்டினர். நம் மாவட்டம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து பிறந்த அதே ஆண்டு. ஆளை அடையாளம் காட்டாமலே உரிமையை மெய்ப்பிக்கும் சான்றுகளைப் பற்றி டேவிட் சௌம் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதியதும் அவ்வாண்டே.

இதனால் விளையும் பயன்களை எண்ணிப் பாருங்கள். உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். தகப்பன் கரிமூட்டத்தில் ஈட்டிய கூலி இவ்வளவு என்று தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. 'வரம்புக்கு உட்பட்டதே' என்பதை மட்டும் மெய்ப்பிக்கலாம். பிறந்த நாளைக் கூறாமல், '18 வயது நிரம்பியது' என்று மெய்ப்பிக்கலாம். இரண்டு இடங்களில் காட்டிய சான்றுகளை ஒன்றோடொன்று பொருத்தி, இன்னார் எங்கெங்கே சென்றார் என்று ஒருவர் கோவை தொடுக்கவும் இயலாதபடி அமைக்கலாம். காட்டும்போது வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செய்தி போக வேண்டியதும் இல்லை. தருபவர் ஒருவர், வைத்திருப்பவர் ஒருவர், சோதிப்பவர் ஒருவர். நடுவே எல்லாவற்றையும் பார்த்திருக்கும் ஒரே பெரும் பதிவேடு தேவையில்லை. அடையாளம் பரவலாக்கப்படுகிறது என்பதன் பொருள் இதுவே.

இவை வெறுங்கனவு அல்ல. இத்தகைய சான்றுகளுக்கான உலகப் பொதுத் தரம் 2019இல் வெளியாயிற்று. அண்டை நாடாகிய பூட்டான் 2023இல் தன் குடிமக்களுக்கு இம்முறையைச் சார்ந்த தேசிய அடையாளத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டப்படி, உறுப்பு நாடுகள் தேவையான விவரத்தை மட்டும் காட்ட உதவும் மின்னணுப் பணப்பையைக் குடிமக்களுக்குத் தர வேண்டும். நம் மாநிலமும் 2020இல் தொடரேட்டுத் தொழில்நுட்பத்துக்கென ஒரு கொள்கையை வெளியிட்டு, 'நம்பிக்கை இணையம்' என்னும் அமைப்பையும், 2023இல் சான்றிதழ்களைக் கைப்பேசியில் வைத்துக் கொள்ளும் 'இ-பெட்டகம்' செயலியையும் உருவாக்கியது. பெட்டகம் வந்துவிட்டது, நாம் கேட்க வேண்டியது, அப்பெட்டகத்தினுள் தனித்தனி உறைகள்.

பொய்ச் சான்றுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் இடத்தைப் பிறர் போலிச் சான்றால் கவர்ந்த வழக்குகள் பல. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆய்வுக் குழுக்களை அமைக்கச் சொன்னதும் அதனால்தான். ஆகவே சோதனையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோதனை கடுமையாக இருக்கட்டும். கேள்வி குறுகியதாக இருக்கட்டும். இவ்விரண்டும் ஒருங்கே கூடும் என்பதே இக்கணிதம் நமக்குத் தரும் நற்செய்தி.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

எனினும் கருவியைக் கண்டு மயங்குதல் கூடாது. முதலாவது, இது கைப்பேசியை நம்பிய முறை. கைப்பேசி இல்லாத மூதாட்டிக்கும், கரி சுமந்தும் கல் சுமந்தும் விரல் ரேகை தேய்ந்துபோன உழைப்பாளிக்கும் தாள்வழிச் சான்று என்றும் செல்ல வேண்டும். கருவி பழுதானதற்காக ஒருவர் வீட்டு அரிசி நிற்கலாகாது.

இரண்டாவது, உறையைப் பிரிக்காமல் இருக்கும் உரிமை, 'முழுவதையும் காட்டு; இல்லையேல் போ' என்று சொல்லும் அதிகாரத்தின் முன் செல்லாக்காசு. கேட்கத் தகாததைக் கேட்பதே குற்றம் என்று சட்டமும் விதியும் கண்டிப்புடன் சொன்னாலன்றிக் கணிதம் மட்டும் நம்மைக் காக்காது.

மூன்றாவது, எந்தத் தெரு, யார் மகன் என்று வாயாலே கேட்டறியும் சமூகத்தை எந்தக் கணிதமும் திருத்தாது. அதைத் திருத்தும் பணி இக்கழகத்தைப் போன்றவர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது.

நாம் செய்ய வேண்டியவை

இக்கழகத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவதாக, நகலகத்திலும் கடையிலும் விடுதியிலும் ஆதார் நகலைக் கேட்ட மாத்திரத்தில் நீட்டும் வழக்கத்தை நம் இளைஞர்கள் விட வேண்டும். கடைசி நான்கு எண்களை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலேயே பெறலாம். 'எதற்காகக் கேட்கிறீர்கள்?' என்னும் கேள்வியைப் பணிவோடும் அஞ்சாமலும் கேட்கப் பழக வேண்டும்.

இரண்டாவதாக, கழகமே முன்மாதிரியாக விளங்கட்டும். நம் உதவி பெறும் மாணவர் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதையும், விழா மேடையில் வகுப்பைச் சொல்லி அழைப்பதையும் தவிர்ப்போம். நாம் தொகுத்த விவரங்களை, பணி முடிந்தபின் அழிப்போம்.

மூன்றாவதாக, இ-பெட்டகத்தில் 'பட்டியல் வகுப்பினரே', 'வருமானம் வரம்புக்கு உட்பட்டதே' என்னும் அளவில் மட்டும் மெய்ப்பிக்கும் வசதி வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பம் அனுப்புவோம். பொதுநோக்கில் அது எல்லாச் சாதியார்க்கும் பயன்தரும். நமக்கு அது உயிர்நாடி.

நான்காவதாக, இக்கணிதத்தை நம் பிள்ளைகள் கற்க வேண்டும். நேற்று வரை நாம் பதிவேட்டில் எழுதப்பட்டவர்கள். பதிவேட்டை வடிவமைத்தவர்கள் அல்லர். எந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும், எது கேட்கப்படலாகாது என்று தீர்மானிக்கும் மேசையில் நம் வீட்டுப் பெண்ணொருத்தி அமர்ந்திருந்தால், 'காலனி' என்ற சொல்லின் கனம் அவளுக்கு எவரும் விளக்காமலே தெரியும். அதற்குரிய படிப்பு கணிதமும் கணினியியலும். கழகம் அடுத்த கால் நூற்றாண்டில் வழங்கும் உதவித்தொகைகளில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்குமாறு கேட்டுக் கொள்கிறேன்.

அன்பர்களே! உரிமையைப் பெறுவதற்காக மானத்தை அடகு வைக்க வேண்டிய நிலை, ஏற்பாட்டின் குறையால் வந்ததே ஒழிய இயற்கையால் வந்ததன்று. ஏற்பாட்டை மாற்ற அறிவு இருக்கிறது, சட்டமும் துணை நிற்கிறது. வேண்டுவது, கேட்கும் துணிவும் கற்கும் உழைப்பும். இக்கழகம் இதுவரை நம் பிள்ளைகளைப் பள்ளி வாசலுக்குக் கொண்டு வந்து சேர்த்தது. இனி, தலைநிமிர்ந்து தான் வேண்டியதை மட்டும் காட்டி, உரியதை முழுமையாகப் பெறும் தலைமுறையையும் அது உருவாக்கும் என்று நம்புகிறேன்.